ஹோட்டல் கடன் அட்டை: புதுப்பிக்கும் முன் ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹோட்டல் குழுமங்களோடு சேர்ந்து வங்கிகள் வழங்கும் கடன் அட்டைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் தொடக்கச் சலுகையோடு நின்றுவிடுகின்றன. ஆனால், ஓராண்டு முடிந்து அடுத்த ஆண்டுக் கட்டணம் கணக்கில் ஏறும்போதுதான், அட்டையை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா என்ற கேள்வி எழுகிறது.

அத்தகைய அட்டை ஒன்றை நான் நான்கு முறை புதுப்பித்தேன். ஒவ்வொரு முறையும் ஓர் இரவு இலவசமாகத் தங்கும் சீட்டு கிடைத்தது. அறையின் வாடகை கட்டணத்தைவிட அதிகம் என்பதால் வேறு கணக்கு எதுவும் பார்க்கவில்லை. அண்மையில் பழைய விவரங்களை எடுத்துப் பார்த்தபோது, ஒரு சீட்டு பயன்படுத்தாமலே காலாவதியாகியிருந்ததும், இன்னொன்று வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில், போக வேண்டிய அவசியமே இல்லாத ஓர் ஊருக்குச் சென்று அதைச் செலவழித்திருந்ததும் தெரிந்தது. அந்தப் பயணச் செலவு மட்டுமே ஆண்டுக் கட்டணத்தைத் தாண்டியிருந்தது.

எனவே, இலவச இரவின் மதிப்பு ஹோட்டலின் விலைப்பட்டியலில் உள்ள தொகை அன்று. அந்தச் சீட்டு இல்லாதிருந்தால், அதே ஊரில் அதே நாளில் தங்குவதற்கு நாம் கைப்பணத்தில் எவ்வளவு கொடுத்திருப்போமோ அதுவே அதன் மதிப்பு. எளிய விடுதியில் தங்கிப் பழகியவருக்கு ஆடம்பர அறை மகிழ்ச்சி தரலாம். ஆனால் அதன் முழு வாடகையையும் தமக்கு மிச்சமான பணமாக அவர் கணக்கெழுதக் கூடாது.

அட்டையில் செலவழிக்கும்போது சேர்ந்து, பின்னர் அறை வாடகைக்கு ஈடாகக் கொடுக்கக்கூடிய புள்ளிகளுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அவை நம் பெயரில் இருந்தாலும், ஓர் அறைக்கு எத்தனை புள்ளிகள் என்பதைத் தீர்மானிப்பது ஹோட்டல் குழுமமே. ஹில்டன் குழுமம் 2017-லும் மேரியட் குழுமம் 2022-லும், எந்த ஹோட்டலுக்கு எத்தனை புள்ளிகள் என்று முன்கூட்டியே சொல்லும் நிலையான அட்டவணையைக் கைவிட்டன. அதன்பின் தேவைப்படும் புள்ளிகள் நாளுக்கு நாள் மாறுகின்றன. வட்டியும் தராத, விலைவாசிக்கு ஏற்ப உயரவும் செய்யாத இந்தச் சேமிப்பை ஆண்டுக்கணக்கில் குவித்து வைப்பதில் பொருளில்லை.

அட்டையை மூடினால் சேர்த்த புள்ளிகள் போய்விடுமோ என்று அஞ்சியே பலர் கட்டணம் செலுத்தி வருகிறார்கள். ஹோட்டலின் உறுப்பினர் கணக்கில் ஏற்கெனவே வரவு வைக்கப்பட்ட புள்ளிகள், அட்டை போன பிறகும் பொதுவாக அங்கேயே இருக்கும். வங்கியின் கணக்கிலேயே இன்னும் தங்கியிருக்கும் புள்ளிகளைத்தான் மூடுவதற்கு முன் மாற்றிக்கொள்ள வேண்டும். மேரியட் திட்டத்தில் தொடர்ந்து 24 மாதங்கள் எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால் புள்ளிகள் காலாவதியாகும் என்பதால், அட்டைச் செலவு நின்ற பிறகு வேறு வழியில் அக்கணக்கை உயிரோடு வைத்திருப்பது நம் பொறுப்பாகிறது.

இந்த அட்டைகள் யாருக்கும் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. பணி நிமித்தம் ஒரே குழுமத்தின் ஹோட்டல்களில் அடிக்கடி தங்குபவருக்கு இவை உண்மையாகவே உதவும். புள்ளிகளைக் கொண்டு ஐந்து இரவுகள் தொடர்ந்து முன்பதிவு செய்தால் நான்கு இரவுகளுக்கான புள்ளிகளையே மேரியட் எடுத்துக்கொள்கிறது. குடும்பத்தோடு நீண்ட விடுமுறை செல்பவருக்கு இது நல்ல ஆதாயம். ஆனால், அட்டையோடு வரும் உறுப்பினர் தகுதியை, அதாவது தங்கும் இரவுகளைப் பொறுத்துச் சலுகைகள் கூடும் படிநிலையை, அளவுக்கு மீறி மதிக்க வேண்டாம். மேரியட் திட்டத்தில் ஓராண்டில் 10 இரவுகள் தங்கினால் கிடைக்கும் சில்வர் தகுதிக்கும் 50 இரவுகள் கேட்கும் பிளாட்டினம் தகுதிக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. மாதாந்திர நிலுவையை முழுவதும் செலுத்தாமல் வட்டி கட்டுபவருக்கோ இந்தக் கணக்கே தேவையில்லை. அந்த வட்டி எல்லாச் சலுகைகளையும் விழுங்கிவிடும்.

கட்டணம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே, கடந்த ஆண்டில் எந்தெந்தச் சலுகை பயன்படுத்தப்பட்டது, எது வீணானது என்ற விவரத்தை வங்கிகள் வாடிக்கையாளருக்கு எழுத்து வடிவில் அனுப்ப வேண்டும். அந்த விவரம் அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதுதான். தங்கள் நாளிதழும் அட்டைகளை ஒப்பிட்டு எழுதும்போது, தொடக்கச் சலுகையை நீக்கிவிட்டு இரண்டாம் ஆண்டில் எஞ்சுவது என்ன என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்