எட்டில் மூன்று தட்டு குறைகிறது: நடுக்குவாத இரத்தப் புரத ஆய்வுக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

நடுக்குவாத (பார்க்கின்சன் நோய்) ஆய்வுக்கு இரத்த மாதிரிகளை ஊற்றி அளக்க வேண்டிய குழித் தட்டுகள் 8. கையிலிருக்கும் பணம் 5 தட்டுக்குத்தான் வரும். மீதி மூன்றையும் இந்த மாதக் கடைசி வரைதான் விற்பவர்கள் நமக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள்.

1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விரித்தெழுதியபோது அவரிடம் இருந்தது 6 பேரின் விவரம். அதிலும் சிலர் வீதியில் எதிர்ப்பட்டவர்கள். 1912-ல் லெவி என்ற மருத்துவர் மூளைச் செல்லுக்குள் உருண்டைகளைக் கண்டார். அவை ஆல்ஃபா-சைனூக்ளின் புரதம் திரண்டவை என்பது 1997-ல் தெரிந்தது. இத்தனைக்குப் பிறகும் விரலைத் தட்டச் சொல்லி, நடக்கவிட்டுப் பார்த்துத்தான் பெரும்பாலும் நோயை முடிவு செய்கிறார்கள். அதற்குள், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைனைச் சுரக்கும் மூளைச் செல்களில் கணிசமான பங்கு போய்விடுகிறது. 8 இரத்தப் புரதங்களைக் கொண்டு 7 ஆண்டு வரை முன்கூட்டியே கணிக்கலாம் என்று 2024-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த வழியில்தான் நாமும் போகிறோம்.

இரண்டு முறை கை நீட்டிய 152 பேருக்கும் நன்றி சொல்லி மாளாது. நடுங்கும் கையில் நரம்பு பிடிப்பது லேசல்ல. மறுகுத்து வாங்கியும் முகம் சுளிக்காதவர்கள். நோயில்லாமலே ஒப்பீட்டுக்காக இரத்தம் தந்த வாழ்க்கைத் துணைகளுக்கும், மைனஸ் 80 பாகை உறைபெட்டி வாங்கித் தந்த மூத்தோருக்கும் எங்கள் வணக்கம். இறையருளால் ஒரு குழாயும் உருகவில்லை. ஜெனரேட்டரும் கைகொடுத்தது.

இனி கணக்கு. ஒரு தட்டில் 96 குழி. ஒவ்வொன்றும் இரட்டையாக, அதாவது இரண்டு குழியில், ஓடும். அளவுகோல் கரைசல் 8, கட்டுப்பாட்டு மாதிரி 2. அவற்றுக்கு 20 குழி போக, 38 மாதிரிக்கே இடம். ஒருவரின் முதல் இரத்தமும் இரண்டாம் இரத்தமும் ஒரே தட்டில் இருந்தாக வேண்டும். இல்லையேல் தட்டுக்குத் தட்டு வரும் வேறுபாடு நோயின் மாற்றமாகத் தெரியும். ஆக, தட்டுக்கு 19 பேர். இப்போது 57 பேரின் இரத்தம் சும்மா கிடக்கிறது.

அளக்கப்போவது டோபமைனை உண்டாக்கும் டோபா டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி. இந்நோய்க்குத் தரும் கார்பிடோபா சேர்ந்த மாத்திரை சாப்பிட்டாலும் இது உயரும். அதனால் மாத்திரை தொடங்கிய நாள் ஒவ்வொரு குழாயோடும் பதிவாகியிருக்கிறது. நரம்புச் செல் சிதையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதத்தை அளந்தாயிற்று. பார்க்கின்சனைப் போலத் தோன்றும் வேறு நோய்களைப் பிரிக்க அது உதவும், அவ்வளவே.

ஆல்ஃபா-சைனூக்ளினை ஏன் பிளாஸ்மாவில் (அணுக்கள் நீங்கிய இரத்த நீரில்) அளக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். இரத்தத்தில் உள்ளதில் 99 விழுக்காட்டுக்கு மேல் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. இரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ மருந்திட்ட குழாயை 8 முறை மெல்லக் கவிழ்ப்பதற்குப் பதில் யாரோ குலுக்கிவிட்டால் போதும், அணு உடைந்து பிளாஸ்மா இளஞ்சிவப்பாகிவிடும். அந்த அளவு பொய். சுழற்றிப் பிரித்தபின் வெள்ளணுப் படலத்துக்கு மேல் அரை சென்டிமீட்டர் பிளாஸ்மாவை விட்டுவிட்டு உறிஞ்சச் சொல்வதும் இதனால்தான்.

அரைத் தட்டு யாரும் விற்பதில்லை. இந்த லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) கைவிட்டுப் போனால், புது லாட்டோடு ஒப்பிட ஏற்கெனவே அளந்த மாதிரிகளையும் மறுபடி உருக்க வேண்டிவரும். உருகி உறையும் ஒவ்வொரு முறையும் புரதம் கெடும், குழாயும் தீரும்.

ஒருவரின் இரு குழாய்க்கான செலவை ஒருவர் ஏற்றால் போதும். 19 பேர் சேர்ந்தால் ஒரு தட்டு. சென்ற கூட்டத்தில் கை தூக்கிய சிலர் இன்னும் அனுப்பவில்லை. பெயர் சொல்ல மனம் வரவில்லை; ஆனால் ஊசிக்குக் கை நீட்டிய 57 பேர் அதே கூட்டத்தில்தான் இருந்தார்கள். அனுப்புவோர் 'தட்டு நிதி' என்று குறிப்பிட்டால் ரசீது உடனே வரும். மிஞ்சினால் உலர்பனிக்கட்டிக்கு.

இங்ஙனம்,
ஆய்வு நிதிக் குழுவினர்