வலைக் கண்ணி

அன்புள்ள மகனுக்கு,

கால்டஸ் ட ரயீன்யாவிலிருந்து அப்பா எழுதுகிறேன். நம் ஊர்த் திருநாளான மே 15 நெருங்குவதால், பட்டறையில் நம் நகரச் சின்னம் தீட்டிய தட்டுகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மற்ற ஊர்ச் சின்னங்கள் என்றால் பேரூருக்கு நான்கு கோபுரம், நகரத்துக்கு ஐந்து, லிஸ்பனுக்கு மட்டும் பொன்னில் ஐந்து என்று கேடயத்தின் மேல் முடியிலுள்ள கோபுரங்களை எண்ணித் தீட்டிவிடலாம். நம் சின்னத்தில் லியோனோர் அரசியின் கேடயமும் அவள் கணவரான அரசரின் கூழைக்கடாவும் எளிதாக வந்துவிடுகின்றன. இறால் வலையில்தான் கை நின்றுவிடுகிறது. சுடாத மெருகு நிறத்தை உடனே குடித்துவிடுவதால், ஒரு கண்ணி பிசகினாலும் துடைக்க முடியாது.

ஊருக்குள் கடல் இல்லையே, வலை எதற்கு என்று சிறுவயதில் கேட்பாய். 1491 ஜூலையில், சாந்தரேம் அருகே தேஜோ ஆற்றங்கரையில் குதிரையிலிருந்து விழுந்த இளவரசன் அஃபோன்சோவை மீனவர்கள் வலையில் தூக்கிச் சென்றார்கள் என்பதையும், அந்த வலையையே அவன் தாய் லியோனோர் அரசி தன் சின்னமாக்கிக்கொண்டாள் என்பதையும் உனக்குச் சொன்னேன். அவனுக்கு வயது பதினாறு என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

நீ மேற்பார்வையாளனானதைப் பழச் சந்தையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். ஆனால் அம்மாவை மூன்று வாரமாக நீ அழைக்கவில்லை. ஈஸ்டருக்கு அனுப்பிய படத்தில் வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தாய். லக்சம்பர்க்கில் அவ்வளவு குளிர் போலும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். சாலை ஈரமாக இருந்தால் வண்டியை எடுக்காதே. இரவில் எடுக்கவே எடுக்காதே. ஈரமென்றால் ரயிலில் போ.

இதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. உன் பதினாறாவது பிறந்தநாளுக்கு வண்டி வேண்டாம் என்று அம்மா அழுதாள். அவள் பாட்டி வீட்டுக்குப் போயிருந்த நாளில் கையெழுத்திட்டு வாங்கித் தந்தவன் நான். நீ முதன்முதலாக அதில் ஏறித் தெருமுனை திரும்பியபோது, அண்டைவீட்டார் பார்க்கிறார்களா என்றுதான் திரும்பிப் பார்த்தேனே தவிர, நீ தலைக்கவசம் அணிந்திருக்கிறாயா என்று பார்க்கவில்லை. தன் நெஞ்சைக் கிழித்துக் குஞ்சுகளுக்குக் குருதி ஊட்டும் அந்தக் கூழைக்கடாவைத் தீட்டும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு தட்டு அனுப்பியிருக்கிறேன். வலையில் ஒரு கண்ணி பிசகிவிட்டதால் விற்க முடியாது. வைக்கோல் வைத்து இறுகக் கட்டியிருக்கிறேன், பிரிக்க இரண்டு கையும் வேண்டும். பிரித்தவுடன் அம்மாவை அழை.

அப்பா