ஒப்பனைக்கு அப்பால் ந. முத்துசாமி

ஆசிரியர் அவர்களுக்கு,

கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நிறுவனர் ந. முத்துசாமி பற்றிய தங்கள் ஞாயிறு பதிப்புக் கட்டுரை, அவரிடம் பயின்ற திரை நடிகர்களைப் பட்டியலிடுவதிலேயே பாதி இடத்தைச் செலவிட்டுவிட்டது. புஞ்சை என்ற ஊரில் பிறந்து, சிறுகதை எழுத்தாளராக அறியப்பட்ட அவர், 1977இல் சென்னையில் பட்டறையைத் தொடங்கினார். புரிசை என்ற ஊரின் தெருக்கூத்தைப் பழம்பொருளாகப் பாராமல், நவீன நடிகனின் உடலுக்கும் குரலுக்கும் உரிய பயிற்சியாகக் கண்டதே அவருடைய சாதனை. 2012இல் கிடைத்த பத்மஸ்ரீ விருது கூட அந்தச் சாதனைக்கு அடுத்தபடிதான்.

எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், பகலில் பால்மரம் வெட்டியவர்களே இரவில் பவளக்கொடி கூத்து ஆடினார்கள். ஒலிபெருக்கியில்லாமல் தொழிலாளர் குடியிருப்பின் கடைசி லயம்வரை குரல் கேட்கும். அவர்களில் சிலர் இன்றும் சுங்கை சிப்புட் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் தமிழ்ப்பள்ளி மண்டபத்தைத் திறந்துவிட்டு, அவர்களை மாணவர்களுக்குக் கூத்துப் பயிற்றுவிக்கச் சொல்லலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் முன்வரட்டும்.

தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்