புதுக்குடி ஊர்க்காரர்களுக்கு, செந்தூர் ரயிலில் வந்த ஒரு குடும்பத்தின் நன்றி

புதுக்குடி பெரியவர்களுக்கும், அக்கா அண்ணன்மாருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸில் இருந்த சுமார் 800 பேரில் நாங்களும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, நான், என் மகன். இந்த மடலை யார் பேருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் யாரும் பேர் சொல்லிக்கொண்டு சோறு போடவில்லையே. அதனால் ஊர் பேருக்கே எழுதுகிறேன்.

அன்று மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை வேறு. சாமி கும்பிட்டுவிட்டு, பன்னீர் இலை விபூதியும் உடன்குடிக் கருப்பட்டியுமாக வண்டி ஏறியவர்கள்தான் எங்கள் பெட்டியில் பாதிப் பேர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பிற்பாடு சொன்னார்கள். உங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி, தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டது. வண்டியை அதற்கு மேல் விடாமல் நிறுத்திவைத்த ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ரயில்வே ஊழியர்களுக்கும் முதல் நன்றி. அன்று ராத்திரி அவரைத் திட்டியவர்களும் எங்கள் பெட்டியில் இருந்தார்கள். அந்தரத்தில் தொங்கிய தண்டவாளத்தை வீட்டுக்குப் போய் டிவியில் பார்த்திருப்பார்கள்.

ஒரு பகுதிப் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நாங்கள் ரயிலிலேயே இருந்தோம். விடிவதற்குள் பிஸ்கட், பழம் எல்லாம் காலி. எதிர் சீட்டு அம்மா தன் கருப்பட்டியை உடைத்துப் பெட்டி முழுக்கக் கொடுத்தார். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையைப் போடலாம், போட்டால் சாப்பிட வேண்டும். சாப்பிட ஒன்றும் இல்லை.

அப்போதுதான் உங்கள் ஊர் ஆட்கள் தண்ணீரில் நடந்து வந்தார்கள். கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிக் கேட்டார்: "சுகர் மாத்திரை போடுறவங்க யாரும் இருக்கியளா? அவங்க மொதல்ல வாங்க." நூற்றுக்கணக்கான பேர் பசியோடு இருக்கும் இடத்தில் யாருக்கு முதலில் சோறு வேண்டும் என்று அவர் யோசித்துவிட்டு வந்திருக்கிறார். குழந்தைகளுக்குத் தனியாகத் தூக்குவாளியில் பால் வந்தது.

கோயிலில் அடுப்பு மூட்டி, வீடு வீடாக அரிசி சேர்த்துப் பொங்கியிருந்தீர்கள். எங்களை உட்காரவைத்துப் பரிமாறினீர்கள். சாம்பார் ஊற்றிய அக்கா என்னிடம், "கூட்டு பொரியல் ஒண்ணும் செய்ய முடியல, தப்பா நெனச்சுக்கிடாதீங்க" என்றார். சுற்றிலும் வெள்ளம், கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை. அந்த நிலைமையில், முன்பின் தெரியாத எங்களிடம் கூட்டு இல்லாததற்கு வருத்தம் தெரிவிக்கிறார்!

என் அப்பா அன்னதானப் பந்தியில் உட்காரக் கூச்சப்படுவார். வாங்கிச் சாப்பிட வழி உள்ளவன் எதற்கு என்பார். அன்று உட்கார்ந்தார், இரண்டாம் தடவை சோறும் வாங்கிக்கொண்டார். கை கழுவிய பிறகு சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். "திருச்செந்தூர் போய்ட்டு வர்றவங்ககிட்ட காசு வாங்குவமா ஐயா" என்று கையை மூடிவிட்டார்கள். கடைசியில் கோயில் உண்டியலில் போட்டார்.

நாங்களும் கொடுக்கிற குடும்பம்தான். மாதாமாதம் ஒரு தொகை வங்கியிலிருந்து தானாகப் போகும், மார்ச்சில் வருமான வரிச் சலுகைக்காக அந்த நன்கொடை ரசீதைத் தேடுவோம். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. அப்படி வருகிற பணத்தில்தான் பல பிள்ளைகள் படிக்கிறார்கள். 2015 சென்னை வெள்ளத்தின்போது எங்கள் தெருவிலும் எலுமிச்சைச் சோறு பொட்டலம் கட்டினோம். ஆனால் அன்று எங்கள் மாடியில் தண்ணீர் ஏறவில்லை, முக்குக் கடையில் அரிசி இருந்தது. பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டு நாங்களும் வயிறாரச் சாப்பிட்டோம். நீங்கள் கொடுத்தது மிச்சத்திலிருந்து இல்லை. அடுத்த மூட்டை எப்போது ஊருக்குள் வரும் என்று தெரியாதபோது, இருந்த மூட்டையைப் பிரித்தீர்கள். அந்த மாதிரி நான் என் வாழ்நாளில் கொடுத்ததில்லை. கொடுப்பேனா என்றும் தெரியாது.

19-ம் தேதி மீட்புப் படையினர் வந்தார்கள், ஹெலிகாப்டரில் சாப்பாடு வந்தது, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயில் விட்டார்கள். எல்லாருக்கும் நன்றி. வயதானவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப் போன காவலர்களுக்கும்தான். 'பயணிகள் மீட்பு' என்று செய்தி முடிந்துவிட்டது. நாங்கள் சென்னைக்குப் போய்விட்டோம், நீங்கள் அந்தத் தண்ணீரிலேயே இருந்தீர்கள். ஆற்றங்கரை ஊர்களில் நெல்லும் வாழையும் போனதையும், ஏரல் கடைகளில் வெள்ளம் புகுந்ததையும் நாங்கள் செய்தியில்தான் பார்த்தோம்.

எங்கள் பெட்டியில் பழக்கமான சில குடும்பங்கள் சேர்ந்து ஏதாவது அனுப்ப நினைத்தோம். துணி சேகரிக்கலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். நல்லவேளையாக, முதலில் உங்கள் பக்கத்து ஆள் ஒருவரிடம் போனில் கேட்டோம். "பழந்துணி மட்டும் வேண்டாம் சார், ரோட்டோரம் குவிஞ்சு கெடக்கு. பிள்ளைகளுக்கு நோட்டு, பை அனுப்புங்க, எல்லாம் நனைஞ்சு போச்சு" என்றார். அதையே அனுப்பினோம். சோற்றுக்குப் பதில் என்று அதை எண்ணிவிடாதீர்கள். கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதே, சுகர் மாத்திரை பற்றிக் கேட்ட அந்த அண்ணனைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொண்டதுதான்.

தை பிறந்ததும் அப்பாவுக்குத் திருச்செந்தூர் வர வேண்டுமாம். போகும் வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி உங்களைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். சாம்பார் ஊற்றிய அக்காவுக்கு என் அம்மா புடவை எடுத்து வைத்திருக்கிறார். அவர் யார் என்று தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லிவையுங்கள், ஊரில் இல்லாமல் போய்விடப் போகிறார். உங்களில் யாராவது சென்னைக்கு ஆஸ்பத்திரி, பரீட்சை, வேலை என்று வந்தால் லாட்ஜ் தேட வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது.

இப்படிக்கு,
செந்தூர் வண்டியில் வந்த சென்னைக் குடும்பம்