சுண்டிக்குளத்துக் கரையில் எங்களோடு நின்றவர்களுக்கு

அன்பான ஊரவர்களுக்கு,

தருமபுரத்தில் நடந்த காட்டுயிர் விழா முடிந்து பந்தலும் கழற்றியாயிற்று. இரவல் வாங்கிய பாய், வாளி, கிடாரமெல்லாம் வீடு வீடாகக் கொடுத்துவிட்டோம். கொடுத்த இடத்தில் வாயால் நன்றி சொன்னது மனதுக்குப் போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

விடிய ஆறு மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்ட பஸ் ஏழு மணியாகியும் வரவில்லை. பிள்ளைகள் தண்ணிப் போத்தலும் கொப்பியுமாக வீதியோரம் நின்றார்கள். வயலுக்குப் புறப்பட்ட மூன்று உழவு இயந்திரங்கள் அப்படியே திரும்பின. பெட்டியில் வைக்கல் பரப்பிப் பிள்ளைகளைச் சுண்டிக்குளம் கடனீரேரிக்கு ஏற்றிக்கொண்டு போனீர்கள். காலபோக அறுவடை நேரத்தில் ஒரு நாள் மெஷின் நிற்பது எவ்வளவு நட்டம் என்று எங்களுக்குத் தெரியும். டீசல் காசைக்கூட வாங்க மறுத்துவிட்டீர்கள்.

சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயம். 2015 இல் தேசிய பூங்காவானது. ஆனாலும் எங்கள் பிள்ளைகளில் பலர் அன்றுதான் பூநாரையை முதன்முதலாகக் கண்டார்கள். தலையைக் கவிழ்த்துச் சொண்டால் சேற்றுத் தண்ணீரை வடித்துத் தின்னுவதையும், தின்னும் கூனியாலும் பாசியாலும்தான் அந்த நிறம் வருவதையும், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டபோதும் முகம் சுளிக்காமல் விளக்கிய வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்களுக்கு நன்றி.

கடற்றொழிலாளர் சங்கத்து ஐயாமாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பூங்கா என்று சொல்லித் தொழிலுக்கு எல்லை போட்டுவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருந்தது. அது நியாயமான பயம். இருந்தும் வந்தீர்கள். கரையில் ஒரு உள்ளான் குருவி மீன்பிடித் தங்கூசி நூலில் சிக்கிக் கிடந்தது. ஈர்க்கு மொத்தமான காலில் நூல் இறுகித் தோலுக்குள் இறங்கியிருந்தது. மூத்த ஐயா ஒருவர் துவாயால் அதன் தலையை மூடி மடியில் வைத்து, சின்னக் கத்தி நுனியால் ஒவ்வொரு சுற்றாக அறுத்தார். பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை. கையை விரித்ததும் உடனே பறக்காமல் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே இருந்துவிட்டுப் போனது. “இது எங்கட நூல்தான் பிள்ளையள்,” என்றார் ஐயா. பிறகு அவரே குனிந்து கரையில் கிடந்த பழைய நூலைப் பொறுக்கத் தொடங்கினார். பின்னேரத்துக்குள் ஒரு உரப்பை நிறைந்துவிட்டது.

விழாவுக்கென்று வெடி வாங்கி வைத்திருந்த தம்பிமாரே, கேட்டவுடன் கடையில் திருப்பிக் கொடுத்தீர்கள். பறவைகளுக்காகத்தான் கேட்டோம். ஆனால் வெடிச் சத்தத்துக்கு இன்றும் நெஞ்சு பதறும் அம்மாமார் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் சார்பிலும் நன்றி.

மாதர் சங்கத்து அக்காமார் பனையோலையில் மடித்த பிளாவில் வார்த்துத் தந்த கூழால் ஒரு பிளாஸ்டிக் கோப்பைகூட மிஞ்சவில்லை. பனையோலை வெட்டித் தந்தவர்களையும் மறக்கவில்லை.

மேடையில் பேசிய விசுவமடு அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. அவருடைய வாழைத் தோட்டத்தை யானை இரண்டு முறை அழித்திருக்கிறது. “யானைக்கும் பசிதான், என்ர பிள்ளைக்கும் பசிதான். இரண்டுக்கும் ஒரு வழி சொல்லுங்கோ,” என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. யானை வேலி பற்றி அவர் கேட்டதை எழுத்தில் எடுத்திருக்கிறோம். உரிய இடத்தில் கொடுத்துவிட்டு அவரிடம் வந்து சொல்வோம்.

பிள்ளைகள் வரைந்த படங்கள் சனசமூக நிலையச் சுவரில் இருக்கின்றன. பக்கத்தில் பறவைப் பெயர்கள் எழுதிய தாளும் தொங்குகிறது. உள்ளான், ஆட்காட்டி, கூழைக்கடா, நீர்க்காகம் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதியது. அடியில் இன்னும் பாதித் தாள் வெறுமையாகக் கிடக்கிறது. உங்களுக்குத் தெரிந்த பெயர்கள் இருந்தால் வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
விழாக் குழுவினர்,
தருமபுரம்