வெளிநாட்டு விண்ணப்பதாரருக்குப் போதிய பதில் கெடு தாருங்கள்

காப்புரிமை அலுவலகத் தலைவர்களுக்கு,

வணக்கம். காப்புரிமை போன்ற தொழில்சார் உரிமைகளுக்கான 1883 பாரிஸ் உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, உறுப்பு நாட்டவரை உள்நாட்டவருக்கு இணையாக நடத்தச் சொல்கிறது. அதன் 3ஆம் உட்பிரிவோ, வெளிநாட்டவர் உள்ளூர் முகவரை அமர்த்த வேண்டுமென விதிக்க இடம் தருகிறது. உங்களில் பலர் அப்படித்தான் விதித்திருக்கிறீர்கள். அந்த விதி தின்னும் நாள்களை யார் ஈடுசெய்வது?

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் உங்கள் ஆய்வாளர் ஆட்சேபணை எழுதினால், விண்ணப்பதாரர் கெடுவுக்குள் பதில் தர வேண்டும். அந்தக் கடிதம் முதலில் உள்ளூர் முகவரிடம் போகிறது. அவர் அதைப் படித்து, குறிப்பெழுதி, விண்ணப்பதாரரின் நாட்டு வழக்கறிஞருக்கு அனுப்புகிறார். கடிதத்தோடு, ஆய்வாளர் அதில் சுட்டும் முந்தைய ஆவணங்களையும் மொழிபெயர்த்தாக வேண்டும். கண்டுபிடிப்பாளர் அவற்றைத் தம் உரிமைக்கோரல்களோடு, அதாவது எதற்குக் காப்புரிமை வேண்டும் என்று வரையறுக்கும் வாசகங்களோடு, வரிவரியாக ஒப்பிடுகிறார். திருத்தம் ஒவ்வொன்றுக்கும் முதலில் தாக்கல் செய்த கண்டுபிடிப்பு விவரணத்தில் ஆதாரம் தேட வேண்டும். இல்லாவிட்டால் புதிதாகச் சேர்த்த பொருள் என்று தள்ளுபடியாகும். பிறகு எல்லாம் உங்கள் மொழிக்குத் திரும்பி, முகவர் கைக்கு வர வேண்டும். உள்நாட்டவர் இதில் பாதிப் படிகளைத் தொடுவதே இல்லை. பல அலுவலகங்களில் கெடு மட்டும் இருவருக்கும் ஒன்று.

நாள் போதாதபோது நடப்பது உங்களுக்குத் தெரியும். ஆட்சேபணையை எதிர்த்து வாதாட நேரமில்லாமல், கோரலைத் தேவைக்கு மேல் சுருக்கி அனுப்புகிறார்கள். காப்புரிமை வழங்கிய பிறகு அதை மீண்டும் விரிக்கப் பல நாடுகளில் வழியில்லை. அவசரத்தில் விட்டுக்கொடுத்தது போனது போனதுதான்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. ஜப்பான் காப்புரிமை அலுவலகம் மறுப்புக் காரண அறிவிப்புக்கு (ஆட்சேபணைக் கடிதத்துக்கு அங்குள்ள பெயர்) பதிலளிக்க உள்நாட்டவருக்கு 60 நாளும், வெளிநாட்டில் வசிப்பவருக்கு 3 மாதமும் தருகிறது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமோ, கடிதம் சேர்வதற்கென்று எல்லோருக்கும் தந்துவந்த 10 நாளையும் 2023 நவம்பர் 1 முதல் எடுத்துவிட்டது. மின்னணு வழியில் கடிதம் அன்றே சேரலாம். மொழிபெயர்ப்பு அன்றே முடியுமா?

கட்டணத்திலும் இதே கதைதான். ஒரே விண்ணப்பத்தால் பல நாடுகளில் காப்புரிமை கோர வழிசெய்யும் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் கீழ் சில நாடுகளின் தனிநபர்களுக்குச் சர்வதேசத் தாக்கல் கட்டணத்தில் 90% கழிவு உண்டு. பிறகு ஒவ்வொரு நாட்டு அலுவலகத்திலும் தனித்தனியே தொடரும் தேசியக் கட்டத்துக்குள் நுழையும்போது அது கூட வருவதில்லை. நாட்டுக்கு நாடு கட்டணம், முகவர் ஊதியம், மொழிபெயர்ப்புச் செலவு என்று ஏறும்போது, நல்ல கண்டுபிடிப்புகளும் அங்கேயே கைவிடப்படுகின்றன. கையில் காசுள்ளவர் மட்டும் கடக்கும் வாசலைச் சமவாய்ப்பு என்று சொல்லாதீர்கள்.

கட்டணத்தைப் பற்றித் தனியே பேசலாம். இப்போதைய கோரிக்கை ஒன்றே: வெளிநாட்டில் வசிக்கும் விண்ணப்பதாரருக்குக் கூடுதல் பதில் கெடு தாருங்கள். அதைக் காசு கட்டி வாங்கும் நீட்டிப்பாக அல்லாமல், விதியிலேயே எழுதுங்கள். அவர் முகவரி விண்ணப்பத்திலேயே இருக்கிறது. தனிச் சான்று எதுவும் தேவையில்லை. அடுத்த விதித் திருத்தத்தில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.