மக்னீசியத்த ஒரு தடவ பாரு பாப்பா

பாப்பா,

நீல டிக் விழுது, பதில்தான் வரல, வேலையா இருப்பன்னு நானே சொல்லிக்கிட்டு இத டைப் பண்றேன். வாடைக்காத்து ஆரம்பிச்சிருச்சு, பாம்பன்ல போட்டெல்லாம் கட்டிக் கெடக்கு, அப்பா வலையப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. சின்னத்தை விஷயம் நேர்ல சொல்றேன்.

கடைசியா பேசுனப்போ ரெக்பிசிடி (RecBCD), அதான் நீ பாக்குற பாக்டீரியா என்சைம், டிஎன்ஏவ வெட்டவே மாட்டேங்குதும்மான்னு சொன்ன, அதுக்கப்பறம் பேச்சே இல்ல. எனக்கு அதே நெனப்பு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் நடத்துன ஈக்கோ ஆர்-1னு இன்னொரு வெட்டுற என்சைமுக்கு, செல்லுக்கு எரிபொருளா இருக்குற ஏடிபியே வேணாம், மக்னீசியம் இருந்தா போதும், தன் எடத்தக் கண்டுபிடிச்சு வெட்டிரும். உன்னோடது டிஎன்ஏ முனையில ஏறி, ரெண்டு இழையையும் பிரிச்சுக்கிட்டே நொடிக்கு 1000 எழுத்து ஜோடி வரைக்கும் ஓடுது, ரெண்டு மோட்டார் வேற, ஒவ்வொரு அடிக்கும் ஏடிபிய ஒடச்சுத்தான் நகரணும். வெட்டுற வேலைக்கு மக்னீசியமும் தண்ணியும் போதும், செலவெல்லாம் ஓட்டத்துக்குத்தான். அதுவும் ஜிசிடிஜிஜிடிஜிஜின்னு 8 எழுத்து அடையாளம், Chi-ம்பாங்களே, அது வந்துட்டா கொஞ்சம் நின்னு, வெட்டுறத மாத்திக்கிட்டு ரெக்ஏங்குற ரிப்பேர் புரதத்த டிஎன்ஏ மேல ஏத்தி ரிப்பேருக்குப் போயிருதாமே, பாக்டீரியாவுக்குள்ள வந்த வைரஸ் டிஎன்ஏவ மென்னு தள்ளுற அதே என்சைம்! இதெல்லாம் நீ சொல்லிக் குடுத்தது, ஸ்டாஃப் ரூம்ல எம்மக பாக்குற என்சைம்னு சொல்லாத ஆள் இல்ல. அப்படிப்பட்ட பிள்ள ஒரு வரி எழுத மாட்டேங்குற.

ஏடிபிய அதிகமா ஊத்திட்டியா? அது மக்னீசியத்தப் பிடிச்சு வச்சுக்கிட்டா பிரிக்கிறது நடக்கும், வெட்டுறது கொறஞ்சிரும்ல. திரும்பத் திரும்ப உருக்கி உறைய வச்ச ஏடிபியா இருந்தா தூக்கிப் போட்டுட்டுப் புதுசா கரைச்சுப் பாரு. மக்னீசியத்தப் பாரு. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி லேபுல உக்காராத. உன் கைடு என்ன சொன்னாரு, கையெழுத்துப் போட்டாரா, அதெல்லாம் நான் கேக்கல, நீயா சொன்னா சொல்லு. அப்பா தெனம் கேக்குறாரு, நல்லாருக்கான்னு சொல்லி வைக்கிறேன். சாப்பிடு பாப்பா, மக்னீசியத்தையும் பாரு.

சித்தப்பா சனிக்கிழம அந்தப் பக்கம் வர்றாரு, நெத்திலிக் கருவாடும் கருப்பட்டியும் குடுத்து விடுறேன். ஹாஸ்டலுக்கே வரட்டுமா, இல்ல வேற அட்ரஸா, அத மட்டுமாவது எழுது.

அம்மா